நல்ல சர்க்கரை அளவு மறைத்த இரத்த அழுத்தம்: ஒரு நிகழ்வு ஆய்வு

கர்ப்பகால நீரிழிவும் கர்ப்பகால உயர் இரத்த அழுத்தமும் ஒரே பெண்ணிடம் சேர்ந்து வரும்போது, முதலாவதை நன்றாகக் கவனிப்பதே இரண்டாவது தாமதமாகக் கண்டறியப்படுவதற்குக் காரணமாகிவிடலாம். அது எவ்வாறு நேர்கிறது என்பதைக் காட்டவே இந்த நிகழ்வு எழுதப்படுகிறது. இதில் வரும் பெண் குறிப்பிட்ட ஒருவர் அல்லர். தமிழ்நாட்டின் மகப்பேறு பிரிவுகளில் அடிக்கடி காணக்கூடிய போக்கை, பயிற்சி மருத்துவர்களும் செவிலியர்களும் தொடர்ந்து பின்பற்றிப் பார்க்கும் வகையில், ஒரே கர்ப்பமாகக் கோத்து அமைத்திருக்கிறேன். அளவுகளும் தேதிக்கணக்கும் அந்தக் கற்பித்தலுக்காக வகுக்கப்பட்டவை. சிகிச்சை நெறிகளும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வுகளும் உண்மையானவை.

பின்னணி

வயது 31. இரண்டாவது கர்ப்பம். ஐந்து ஆண்டுகளுக்கு முன் முதற்குழந்தை 3.9 கிலோ எடையுடன் இயல்பான பிரசவத்தில் பிறந்தது. அப்போது சர்க்கரை இருந்ததாகப் பதிவு இல்லை. உயரம் 154 செ.மீ., பத்தாம் வாரத்தில் எடை 74 கிலோ, அதாவது உடல் நிறை குறியீடு 31. தாயாருக்கு நீரிழிவு உண்டு. அக்காவுக்குத் தலைப்பிரசவத்தில் ஜன்னி வந்து மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்ததைக் குடும்பத்தில் எல்லோரும் அறிவர். ஆனால் அது பேறுகாலப் பதிவில் ஏறவில்லை. குடும்ப நோய் வரலாறு என்ற இடத்தில் "சர்க்கரை – தாய்" என்று மட்டுமே எழுதப்பட்டிருந்தது.

இந்த ஒரு வரி விடுபட்டதன் விலை சிறிதன்று. பேறுகால ஜன்னி என்பது, கர்ப்பத்தின் பிற்பாதியில் இரத்த அழுத்தம் ஏறிச் சிறுநீரில் புரதம் கசியும் பிரீ-எக்லாம்ப்சியா என்ற நோய் முற்றி வரும் வலிப்பு. தாய், அக்கா, தங்கை போன்ற முதல் நிலை உறவில் ஒருவருக்குப் பிரீ-எக்லாம்ப்சியா வந்திருப்பதும், உடல் நிறை குறியீடு 30-க்கு மேல் இருப்பதும் தனித்தனியே நடுத்தர ஆபத்துக் காரணிகள். இரண்டும் சேர்ந்தால் 12-ஆம் வாரம் முதல், இயன்றவரை 16-ஆம் வாரத்துக்கு முன்பே, குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்க வேண்டும் என்பது பல வழிகாட்டு நெறிகளின் நிலைப்பாடு. 2017-இல் வெளிவந்த ஆஸ்ப்ரே ஆய்வில், ஆபத்து மிகுந்த பெண்களுக்கு இரவில் 150 மி.கி. ஆஸ்பிரின் கொடுத்தபோது, 37 வாரத்துக்கு முன் பிரசவிக்கச் செய்யும் பிரீ-எக்லாம்ப்சியா 4.3 விழுக்காட்டிலிருந்து 1.6 விழுக்காடாகக் குறைந்தது. நம் பெண்ணுக்கு அந்த மாத்திரை கிடைக்கவில்லை. "உங்கள் அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ பிரசவத்தில் வலிப்பு, ஜன்னி, பிரஷர் எதுவும் வந்ததா?" என்று யாரும் கேட்கவில்லை, கேட்காததால் அவரும் சொல்லவில்லை.

சர்க்கரை கண்டறியப்பட்ட விதம்

சர்க்கரையைப் பொறுத்தவரை தொடக்கம் முதலே எல்லாம் முறைப்படி நடந்தது. அதற்கு ஒரு வரலாறு உண்டு. கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்பதைத் தமிழ்நாடு 2007-இலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பின்னால் சென்னையின் மருத்துவர் வீ. சேஷய்யாவின் நீண்டகால உழைப்பு இருந்தது. அவரது குழு தமிழ்நாட்டில் நடத்தி 2008-இல் வெளியிட்ட சமூக அளவிலான ஆய்வில், கர்ப்பகால நீரிழிவு நகர்ப்புறத்தில் 17.8 விழுக்காடாகவும், சிறுநகரப் பகுதிகளில் 13.8 விழுக்காடாகவும், கிராமங்களில் 9.9 விழுக்காடாகவும் இருந்தது. வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்பது கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். ஆகவே சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே முறை இரத்தம் எடுக்கும் எளிய முறை வகுக்கப்பட்டது. அளவு 140 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. மத்திய அரசின் 2014, 2018 நெறிமுறைகளும் இதையே ஏற்றன.

பத்தாம் வாரத்தில் இவரது அளவு 128. 25-ஆம் வாரத்தில் மறுபடி பார்த்தபோது 168. இரண்டு வாரம் உணவுமுறை மட்டும் கடைப்பிடிக்கப்பட்டது. காலையில் ஐந்து இட்லி என்பது மூன்றாகி, சட்னியோடு சுண்டலும் சேர்ந்தது. மதியச் சோற்றின் அளவு பாதியாகி, கீரையும் பொரியலும் கூடின. இடையிடையே குடித்த சர்க்கரை போட்ட காபி நின்றது. "ரெண்டு உசுருக்கும் சேத்துச் சாப்பிடணும்" என்று மாமியார் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். எனினும் அவரே காய் நறுக்கிக் கொடுக்கவும் செய்தார். 27-ஆம் வாரத்தில் உணவுக்கு இரண்டு மணி நேரத்துக்குப் பிந்தைய அளவு 141. இலக்கு 120-க்குக் கீழ் என்பதால் மெட்ஃபார்மின் 500 மி.கி. இருவேளை தொடங்கப்பட்டது. 29-ஆம் வாரத்தில் 134 என்று நின்றதால் இன்சுலின் சேர்க்கப்பட்டது. மெட்ஃபார்மின் எடுக்கும் கர்ப்பிணிகளில் கணிசமானோருக்கு இன்சுலினும் தேவைப்படும், 2008-இல் வெளிவந்த மிக் ஆய்வில் அது 46 விழுக்காடாக இருந்தது. 31-ஆம் வாரத்தில் நாளொன்றுக்கு 14 யூனிட் இன்சுலினில் உணவுக்குப் பிந்தைய அளவு 118-க்கு வந்தது. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டு நோட்டுகள்

இரத்த அழுத்த அளவுகளை மட்டும் வரிசையாக எடுத்துப் பார்ப்போம். பத்தாம் வாரம் 122/80. பதினெட்டாம் வாரம் 112/72. இருபத்தைந்தாம் வாரம் 116/74. இருபத்தொன்பதாம் வாரம் 126/82. முப்பத்தொன்றாம் வாரம் 132/86. முப்பத்திரண்டாம் வாரம் 136/88.

இவற்றில் எந்த ஒன்றும் 140/90 என்ற கோட்டைத் தொடவில்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் "இயல்பு" என்றே எழுதப்பட்டது. கர்ப்பத்தின் நடுப்பகுதியில் அழுத்தம் சற்று இறங்கிப் பின்னர் பிரசவத்தை நோக்கி மெல்ல ஏறுவது எல்லாப் பெண்களிடமும் உண்டு என்பது உண்மைதான். ஆனால் ஏழு வாரத்துக்குள் மேல் அளவு 20-உம் கீழ் அளவு 14-உம் ஏறுவது அந்த மெல்லிய ஏற்றத்தில் அடங்குவதன்று. தன் பழைய அளவிலிருந்து 30/15 உயர்ந்தாலே நோய் என்று கொள்ளும் பழைய வரையறை கைவிடப்பட்டுவிட்டது. கைவிடப்பட்டது சரியே, அது நலமான பலரையும் நோயாளியாக்கியது. இருந்தாலும் அந்த ஏற்றம் கூர்ந்து பார்க்கவேண்டிய ஒன்று என்ற எண்ணமும் அதோடு சேர்ந்து போய்விட்டதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அளவுகள் ஒரே தாளில் இருந்திருந்தால் யாரேனும் ஒருவர் கண்ணில் பட்டிருக்கும். அவை அப்படி இருக்கவில்லை. முப்பதாம் வாரத்தில் வளைகாப்பு முடிந்து, வழக்கம்போலத் தாய்வீட்டுக்கு, அதாவது வேறொரு மாவட்டத்துக்கு அவர் அழைத்துச் செல்லப்பட்டார். அங்கே சர்க்கரையைத் தனியார் நீரிழிவு மருத்துவ மையம் ஒன்று பார்த்தது. அழுத்தத்தையும் எடையையும் துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியர் பார்த்தார். சர்க்கரை அளவுகள் ஒரு நோட்டில், அழுத்தம் தாய்–சேய் நல அட்டையில். முதல் 25 வாரத்தின் அழுத்த அளவுகளைப் புதிய இடத்தில் எவரும் திருப்பிப் பார்க்கவில்லை. 32-ஆம் வாரத்தில் ஒரே வாரத்தில் 2 கிலோ எடை கூடியபோது, அது நீர்க்கோவையாக இருக்கக்கூடும் என்ற எண்ணம் எழாமல், "வாயைக் கட்டுப்படுத்தவில்லை" என்ற கண்டிப்பே எழுந்தது. சர்க்கரை நோயாளி என்ற பெயர் ஒருவர்மேல் விழுந்துவிட்டால் அவருக்கு ஏற்படும் எல்லா மாற்றங்களும் சாப்பாட்டின் கணக்கில் எழுதப்படுகின்றன. கால் வீக்கத்துக்குக் கிடைத்த பதில், எல்லாக் கர்ப்பிணிக்கும் வருவதுதான் என்பது. அன்று சிறுநீரில் புரதம் பார்க்கும் பட்டை இருப்பில் இல்லை. இருந்திருந்தால் ஒரு நிமிட வேலை.

சர்க்கரை "சரியான" வாரம்

முப்பத்து மூன்றாம் வாரத்தில் உணவுக்குப் பிந்தைய சர்க்கரை 94-க்கு இறங்கியது. இருமுறை கை நடுக்கமும் வியர்வையும் வந்து, வெல்லத்தண்ணீர் குடித்தபின் தெளிந்தது. மையத்தில் இன்சுலின் 14 யூனிட்டிலிருந்து 8-ஆகக் குறைக்கப்பட்டது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி; உணவுக் கட்டுப்பாட்டுக்குப் பலன் கிடைத்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அன்று அழுத்தம் பார்க்கப்படவில்லை.

இந்த நிகழ்வின் நடுப்புள்ளி இதுதான் என்று கருதுகிறேன். கர்ப்பகாலத்தில் இன்சுலினுக்கு உடல் கட்டுப்படாமல் போவதற்கு நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்களே பெருங்காரணம். நஞ்சுக்கொடி வளர வளர இன்சுலின் தேவையும் கூடிக்கொண்டே போவதுதான் 33-ஆம் வாரத்தின் இயல்பு. அந்தக் காலத்தில் தேவை சட்டென இறங்கினால் இரண்டு கேள்விகள் எழ வேண்டும்: பெண் சாப்பிடுகிறாரா? நஞ்சுக்கொடி வேலை செய்கிறதா? இன்சுலின் தேவை குறைவதற்கும் பிரீ-எக்லாம்ப்சியாவுக்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. குறைந்த எல்லோருக்கும் அது வந்துவிடுவதில்லை, ஆகவே இதை விதியாகக் கொள்ள முடியாது. ஆனால் அன்றைக்கு அழுத்தக் கருவியைக் கையில் சுற்றுவதற்கு இந்தக் கேள்வியே போதுமான காரணம்.

சாப்பிடுகிறாரா என்று கேட்டிருந்தால் விடை உடனே கிடைத்திருக்கும். நான்கு நாட்களாக நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி, குமட்டல், சோறு இறங்கவில்லை. வாயு என்று எண்ணிச் சீரகத் தண்ணீரும் புளிப்புக்கான மருந்தும் கொடுத்திருக்கிறார்கள். கர்ப்பத்தின் பின்பகுதியில் மேல் வயிற்றில் வலக்கைப் பக்கமாக வரும் வலி, கல்லீரலின் உறை வீக்கத்தால் இழுபடுவதன் அறிகுறியாக இருக்கலாம்; வாயு என்பதை எல்லாவற்றையும் விலக்கியபின் கடைசியாகவே சொல்ல வேண்டும்.

33 வாரம் 5 நாள் என்ற கணக்கில், இரவு பத்தரை மணிக்குக் கடுமையான தலைவலி. கண்முன் பூச்சி பறப்பதுபோல் இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அழுத்தம் 168/112. சிறுநீரில் புரதம் மூன்று கூட்டல் குறி. முழங்காலில் தட்டினால் கால் உதறும் அனிச்சை மிகை.

முதல் இரண்டு மணி நேரம்

இங்கே நடந்தவை பாராட்டுக்குரியவை. பணியில் இருந்த மருத்துவர் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதில் மட்டும் குறியாக இல்லாமல், முதலில் மெக்னீசியம் சல்பேட் கொடுத்தார்: 4 கிராம் நரம்பு வழியாக மெதுவாக, பிறகு இரண்டு பிட்டங்களிலும் தலா 5 கிராம் ஆழமான தசை ஊசியாக. இந்த மருந்து வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் மேல் குறைக்கும் என்பதை, 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற மேக்பை ஆய்வு 2002-இல் நிறுவியது. அழுத்தம் 160/110-ஐத் தாண்டினால் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கப்பட வேண்டும். நிஃபெடிபின் 10 மி.கி. வாய்வழி கொடுக்கப்பட்டது. பரிந்துரைச் சீட்டில் மெக்னீசியத்தின் அளவும் கொடுத்த நேரமும் தெளிவாக எழுதப்பட்டன. அது எழுதப்படாவிட்டால் போய்ச் சேரும் இடத்தில் முதல் தவணை மறுபடி கொடுக்கப்பட்டு, மூச்சு அடங்கும் அபாயம் உண்டு. 108 வண்டியில் செவிலியர் ஒருவரும், மெக்னீசியத்துக்கு மாற்றுமருந்தான கால்சியம் குளுக்கோனேட் ஊசியும் உடன் சென்றன.

சீமாங்க் மையத்தை, அதாவது பேறுகால, பச்சிளங்குழந்தை அவசர சிகிச்சை மையத்தை அடைந்தபோது அழுத்தம் 156/104. மீண்டும் ஏறியதால் லேபெடலால் 20 மி.கி., பத்து நிமிடம் கழித்து 40 மி.கி. நரம்பு வழி. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 1,04,000 எனக் குறைந்திருந்தன, கல்லீரல் நொதி இயல்பைப்போல் இரு மடங்கு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 0.9.

ஸ்கேனில் குழந்தையின் மதிப்பீட்டு எடை 2.3 கிலோ, அதாவது அந்த வாரத்துக்கு ஏறக்குறைய சராசரி. இதைப் பார்த்து நிம்மதி அடைவது எளிது. தாயின் மிகுதிச் சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து செல்லும், அவரது இன்சுலின் கடக்காது. எனவே குழந்தையின் கணையம் தானே மிகுதியாக இன்சுலின் சுரக்க, குழந்தை பெருக்கிறது. டென்மார்க்கின் பெடர்சன் 1950-களில் முன்வைத்த இந்த விளக்கம் இன்றும் நிற்கிறது. பிரீ-எக்லாம்ப்சியா இதற்கு நேர் எதிராக, நஞ்சுக்கொடியின் குருதி ஓட்டத்தைக் குறைத்துக் குழந்தையை ஒடுக்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டும்போது எடை "சராசரி" என்று தோன்றும். குருதி ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில், தொப்புள்கொடித் தமனியில் எதிர்ப்பு கூடியிருந்ததுதான் உண்மையைச் சொன்னது.

இரண்டு சிகிச்சைகளுக்கு இடையே மோதல்

குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சிக்காக டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி 6 மி.கி. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நான்கு தவணை என்று தொடங்கப்பட்டது. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்பது தெரிந்ததே. இந்த ஊசிக்குப் பின் 72 மணி நேரம் சர்க்கரையை நெருக்கமாகக் கவனிக்கச் சொல்கிறது தேசிய நெறிமுறை. எட்டு மணி நேரத்தில் 218. இன்சுலினைத் தொடர் சொட்டாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. சொட்டு என்றாலே திரவம். பிரீ-எக்லாம்ப்சியாவிலோ இரத்தக் குழாய்களின் உட்சுவர் கசியும் நிலையில் இருப்பதால், அளவுக்கு மிஞ்சிய திரவம் நுரையீரலில்தான் போய்த் தேங்கும். மொத்தத் திரவத்தை மணிக்கு 80 மி.லி. அளவில் கட்டுப்படுத்துவது வழக்கம். ஆகவே இன்சுலின் செறிவாகக் கரைக்கப்பட்டு ஊசிப் பம்பின் வழியே செலுத்தப்பட்டது. மகப்பேறு மருத்துவரும் பொது மருத்துவரும் தனித்தனியே ஆணை எழுதினால் திரவக் கணக்கு எப்போதும் தவறும். இருவரும் ஒரே தாளில் எழுதியதால் இங்கே தவறவில்லை. அனிச்சையும், மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருப்பதும், சிறுநீர் மணிக்கு 30 மி.லி.-க்குக் குறையாமல் இறங்குவதும் ஒவ்வொரு தவணை மெக்னீசியத்துக்கும் முன் பார்க்கப்பட்டன.

நான்காம் தவணை ஸ்டீராய்டுக்குக் காத்திருக்க முடியவில்லை. 24 மணி நேரத்தில் தட்டணுக்கள் 86,000-ஆக இறங்கின, கல்லீரல் நொதி மேலும் இரு மடங்கானது, தலைவலி திரும்பியது. 34 வாரம் முடிந்த நாளின் அதிகாலையில், கருப்பை வாய் சற்றும் இளகாத நிலையில், முதுகுத்தண்டு மயக்க ஊசியின் கீழ் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. பெண் குழந்தை, 2.24 கிலோ, பிறந்தவுடன் அழுதது.

ஒரு மணி நேரத்தில் குழந்தையின் சர்க்கரை 38. சீம்பால் பீய்ச்சிப் புகட்டிய பின்னும் 32. குறைமாதம், தாயின் நீரிழிவு, தாய்க்குக் கொடுத்த லேபெடலால் என மூன்றுமே குழந்தையின் சர்க்கரையை இறக்கக்கூடியவை. பச்சிளங்குழந்தைகள் சிறப்புப் பராமரிப்புப் பிரிவில் நரம்பு வழிக் குளுக்கோஸ் கொடுக்கப்பட்டு இரண்டு நாளில் நிலைபெற்றது.

இரண்டு நோய்களா?

மருத்துவப் பதிவில் இவை இரண்டு வரிகளாக எழுதப்படுகின்றன. ஆயினும் அவை தொடர்பற்றவை அல்ல. ஒன்பது நாடுகளில் நடந்து 2008-இல் வெளிவந்த ஹாப்போ ஆய்வில், தாயின் சர்க்கரை அளவு கூடக் கூடப் பிரீ-எக்லாம்ப்சியாவும் படிப்படியாகக் கூடியது; நீரிழிவு என்று சொல்ல முடியாத அளவுகளிலும் இந்தப் போக்கு இருந்தது. இன்சுலினுக்கு உடல் கட்டுப்படாமையும், இரத்தக் குழாய் உட்சுவரின் கேடும், உடற்பருமனும் இருபக்கமும் பொதுவானவை. மறுபுறம், பிரீ-எக்லாம்ப்சியாவின் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. அங்கிருந்து தாயின் குருதியில் மிகுதியாகக் கலக்கும் ஒரு புரதமே இரத்தக் குழாய்களைச் சேதப்படுத்துகிறது என்று 2003-இல் காட்டிய ஆய்வுக்குழுவை வழிநடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற ஆனந்த் கருமாஞ்சி.

சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் அழுத்தமும் அடங்கிவிடுமா என்றால், ஓரளவு மட்டுமே. அமெரிக்காவில் மிதமான கர்ப்பகால நீரிழிவுக்குச் சிகிச்சை அளித்துப் பார்த்த 2009-ஆம் ஆண்டு ஆய்வில், அழுத்தம் சார்ந்த கோளாறுகள் 13.6 விழுக்காட்டிலிருந்து 8.6 ஆகக் குறைந்தன. அதாவது நன்றாகச் சிகிச்சை பெற்றவர்களிலும் ஏறக்குறைய பன்னிருவரில் ஒருவருக்கு அழுத்தம் வந்தே தீர்ந்தது. ஆகையால் கர்ப்பகால நீரிழிவு உள்ள பெண்ணுக்குச் சர்க்கரை பார்க்கும் ஒவ்வொரு வருகையிலும், அளவு எவ்வளவு நன்றாக இருந்தாலும், அழுத்தமும் சிறுநீர்ப் புரதமும் பார்க்கப்பட்டு, பத்தாம் வாரத்து அளவோடு ஒப்பிடப்பட வேண்டும் என்பதே இந்த நிகழ்விலிருந்து நான் முன்வைக்கும் நடைமுறை. வளைகாப்புக்குப் பின் ஊர் மாறுவது நம் வழக்கம்; அதைக் குறை கூறுவதில் பொருளில்லை. மாறும் நாளுக்கு முன்பே இரண்டு நோட்டுகளின் அளவுகளையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுப்பதற்குப் பத்து நிமிடம் போதும்.

பிரசவத்துக்குப் பின்

நஞ்சுக்கொடி வெளிவந்ததும் இன்சுலின் நிறுத்தப்பட்டது. மெக்னீசியம் மேலும் 24 மணி நேரம் தொடர்ந்தது. அழுத்தம் உடனே இறங்கிவிடும் என்று குடும்பத்தார் எதிர்பார்த்தனர். ஆனால் பிரசவத்துக்குப் பின் மூன்றாம் நாள் முதல் ஆறாம் நாள் வரை அது மீண்டும் உச்சத்துக்குப் போகக்கூடிய காலம். நான்காம் நாள் 158/102. நிஃபெடிபின் கூட்டப்பட்டு, எட்டாம் நாள் 138/86 அளவில் வீடு திரும்பினார். மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பப்படும் பெண்களுக்கு இந்த ஏற்றம் வீட்டில்தான் நிகழும். ஆகவே முதல் வாரத்தில் செவிலியரின் வீட்டு வருகை அவர்களுக்கு இன்றியமையாதது.

ஆறாம் வாரத்தில் செய்ய வேண்டிய 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனைக்குத்தான் பெரும்பாலும் ஆள் வருவதில்லை. குழந்தைக்கு ஒன்று என்றால் மழையிலும் வருவார்கள், தனக்கு என்றால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். அதனால் குழந்தையின் ஆறாவது வாரத் தடுப்பூசி நாளிலேயே பரிசோதனையும் வைக்கப்பட்டது; ஊசி போட்டபின் எப்படியும் அரை மணி காத்திருக்க வேண்டும், மீதியையும் அங்கேயே பால் கொடுத்தபடி இருந்து முடித்தார். அளவு 162. நீரிழிவாகிவிடவில்லை, ஆனால் இயல்பும் இல்லை. 140 முதல் 199 வரை சர்க்கரைத் தாங்குதிறன் குறைந்த நிலை. அழுத்தம் மருந்தில்லாமல் 134/86.

கர்ப்பகால நீரிழிவு வந்தவருக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு, வராதவரைவிட ஏழு மடங்கு என்று 2009-இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று கணித்தது. பிரீ-எக்லாம்ப்சியா இதய, இரத்தக் குழாய் நோய்களின் வாய்ப்பை ஏறக்குறைய இரு மடங்காக்குகிறது. எனவே அவர் பெயர் கணவர் ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்துத் தொற்றாநோய்ப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. ஆண்டுக்கு ஒருமுறை சர்க்கரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழுத்தமும் எடையும் பார்க்கப்படும். மருந்து தேவைப்படும் நாள் வந்தால் 2021 முதல் நடப்பிலுள்ள மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியே வீட்டிலேயே கிடைக்கும். மீண்டும் கருத்தரிக்க எண்ணினால் அதற்கு முன்பே சர்க்கரைப் பரிசோதனை, பன்னிரண்டாம் வாரத்திலிருந்து ஆஸ்பிரின் என்று விடுவிப்புச் சீட்டில் எழுதப்பட்டது. அதன் கீழே, குடும்ப நோய் வரலாறு என்ற இடத்தில், அக்காவின் ஜன்னியும் இம்முறை எழுதப்பட்டிருக்கிறது. தங்கை ஒருத்தி இன்னும் மணமாகாமல் இருப்பதால் அவளது கர்ப்பத்தில் இதைத் தெரிவிக்கும்படி தாயாரிடம் சொல்லப்பட்டது.